களிமண் தகட்டிலிருந்தே பாலிமரை வளர்ப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

டி.எச். ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிய வருடங்களில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் குழம்பு ஞாபகம் இருக்கும். ஆழமாகத் தோண்டும் பள்ளத்தின் பக்கங்கள் சரிந்துவிடாமல் இருக்க ஊற்றும் பென்டோனைட் குழம்பு அது. நூறு பங்கு தண்ணீரில் ஐந்தாறு பங்கு மண்தான் இருக்கும். ஆனாலும் கூழ் மாதிரி நிற்கும், கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும். அவ்வளவு கொஞ்சம் மண் அவ்வளவு தண்ணீரை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்ற கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரையின் முழு வேலைக்கும் அடிப்படை.

பென்டோனைட்டின் முக்கியமான பொருள் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம். அது மெல்லிய தகடுகளின் கட்டு. ஒரு தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர். அகலமோ நூறு நானோமீட்டரிலிருந்து ஒரு மைக்ரான் வரை போகும். ஒரு கிராம் மண்ணில் உள்ள தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 750 சதுர மீட்டர் வரும். தகடுகளுக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. அதைச் சமன்செய்ய இடையில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் உள்ளே போய் அந்தச் சோடியத்தைச் சூழ்ந்துகொள்ளும்போது கட்டு விரிகிறது, மண் ஊதுகிறது.

இந்தத் தகடுகளை ஒரு பிளாஸ்டிக்குக்குள் ஒன்றொன்றாகப் பிரித்துப் பரப்பிவிட்டால் 3 அல்லது 5 சதவீத மண்ணே போதும். பொருள் விறைப்பாகிறது, சூட்டைத் தாங்குகிறது, வாயு கசிவது குறைகிறது. வியாசர்பாடியில் பிள்ளைகள் உதைக்கும் பந்து ஏன் காற்று இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். ரப்பருக்குள் காற்று மூலக்கூறுகள் நேராக நடந்து வெளியே வந்துவிடுகின்றன. குறுக்கே தகடுகள் படுத்திருந்தால் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இதே யோசனையில், வெர்மிகுலைட் என்ற இன்னொரு தகட்டுக் கனிமத்தைப் பியூட்டைல் ரப்பரோடு கலந்து உட்பூச்சாகக் கொடுத்த டென்னிஸ் பந்துகளை வில்சன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் என்னவென்றால், மண்ணும் பிளாஸ்டிக்கும் தாமாகக் கலப்பதில்லை. மண் தண்ணீரை விரும்பும் சாதி, பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறான பாலிமர் எண்ணெய் சாதி. உருக்கிப் பிசைந்தால் தகட்டுக் கட்டுகள் கட்டுகளாகவே கிடக்கும். அதனால்தான் வேறு வழி: பாலிமரை வெளியிலிருந்து திணிக்காமல், தகட்டின் மேலேயே விதை ஊன்றி அங்கிருந்து சங்கிலியை வளர்ப்பது. வளரும் சங்கிலிக்கு இடம் வேண்டும். அது தகடுகளை உள்ளேயிருந்து தள்ளித் தள்ளிப் பிரிக்கும்.

இது புதிய யோசனை இல்லை. 1961-லேயே பிளம்ஸ்டைன் களிமண் அடுக்குகளுக்குள் வைனைல் மோனோமர்களை, அதாவது சங்கிலியின் தனிக் கண்ணிகளை, பாலிமராக்கிக் காட்டினார். டொயோட்டாவின் ஆய்வுக்கூடத்தில் உசுகி, கவாசுமி முதலானோர் செய்த நைலான் 6 – களிமண் கலவைதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்கள் சோடியத்தை எடுத்துவிட்டு 12-அமினோ லாரிக் அமிலத்தை உள்ளே வைத்தார்கள். அதன் ஒரு முனை தகட்டைப் பிடித்துக்கொண்டது, மறுமுனை நைலான் 6-இன் மோனோமரான கேப்ரோலாக்டத்தின் வளையத்தைத் திறந்து நைலானை வளர்த்தது. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான மண்ணில் விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. சுமை தாங்கியபடி வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரி வாக்கிலிருந்து 145 டிகிரிக்கும் மேலே போனது. 1999-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜியானெலிஸும் சோகாவும் தம் குழுவோடு, சங்கிலி வளர்வதைத் தொடங்கிவைக்கும் பொருளான துவக்கியைத் தகட்டில் கட்டிவைத்து, நீளத்தைக் கட்டுப்படுத்தியபடியே பாலிஸ்டைரீனை வளர்த்தார்கள்.

நாம் தொடங்கப்போவது இதைவிட எளிய ஒரு முறை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்பவரோ, பிஎச்.டி. முதல் வருடத்தில் இருப்பவரோ செய்யக்கூடியது. நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட் இல்லாமலோ, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இல்லாமலோ இதைத் தொடங்காதீர்கள். வீட்டில் செய்யவே கூடாது.

எந்த மண்

முதல் தவறு இங்கேதான் நடக்கும். கொசப்பேட்டையில் பிள்ளையார் பிடிக்கும் மண்ணும் களிமண்தான், ஆனால் நமக்கு ஆகாது. வனையும் மண் அதிகம் ஊதினால் காயும்போது வெடித்துவிடும். அதனால் வனைபவர்கள் தேடுவது ஊதாத மண். நமக்கு வேண்டியது நன்றாக ஊதுகிற மண்.

இரண்டாவது பொறி, ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கும். 'மான்ட்மோரிலோனைட் கே-10' என்று ஒரு டப்பா பல துறைகளில் கிடக்கும். பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். அது வினையூக்கியாகப் பயன்படுத்த அமிலத்தில் வேகவைத்த மண். அதன் ஊதும் குணமும் அயனி மாற்றும் திறனும் பெருமளவு போய்விட்டிருக்கும். அதேபோல ஏற்கெனவே கொழுப்பு அம்மோனியம் ஏற்றிய 'ஆர்கனோகிளே'யும் வேண்டாம். அதில் நாம் விதை ஊன்ற வேண்டிய இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

சுத்திகரித்த சோடியம் மான்ட்மோரிலோனைட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் கட்ச், பார்மேர் பக்கத்திலிருந்து வரும் சோடியம் பென்டோனைட் தூள் போதும். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் உள்ள கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். துவக்கி, கரைப்பான் எல்லாம் கல்லூரி பெயரில் பில் போட்டு முறையாக வாங்குங்கள்.

கடைத் தூளில் மணல், சுண்ணாம்பு எல்லாம் இருக்கும். 20 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டு, உயரமான ஜாடியில் அசையாமல் வையுங்கள். 2 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 10 சென்டிமீட்டர் இறங்க 20 டிகிரியில் சுமார் 8 மணி நேரம் ஆகும் என்று புத்தகம் சொல்லும். நம்ம ஊர் 30 டிகிரியில் தண்ணீர் இளகலாக இருப்பதால் 6 மணி நேரமே போதும். மேலே உள்ள 10 சென்டிமீட்டரை மட்டும் ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். அடியில் தங்கியது மணல். எடுத்த பால் போன்ற கலங்கலை 1 மோலார் உப்புக் கரைசலில் இரண்டு முறை கலக்கி, உள்ளே இருக்கும் கால்சியத்தை விரட்டிச் சோடியமாக்குங்கள். பிறகு உப்புப் போகும்வரை சென்ட்ரிஃபியூஜில் கழுவுங்கள். உப்பு குறையக் குறைய, அதுவரை சமர்த்தாக அடியில் படிந்த மண் திடீரென்று படிய மறுக்கும். கலங்கலாகவே நிற்கும். தகடுகள் பிரியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

தண்ணீர்

வட சென்னையில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். நம்ம போர் தண்ணீரில் உப்பும் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். இரட்டை மின்னூட்டமுள்ள கால்சியம் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் சோடியத்தைப் போல எளிதில் விரியவிடாது, துவக்கிக்கும் எளிதில் இடம் கொடுக்காது. நான் முதல் முறை, கடைசிக் கழுவலுக்குத்தானே என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்துவிட்டேன். அன்று சோடியமாக்க எடுத்த இரண்டு நாள் உழைப்பு அந்த ஒரு பீக்கரில் போனது. எல்லாக் கட்டத்திலும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான், டெஸ்ட் டியூப் அலசவும் அதுதான்.

மின்னூட்டத்தை எண்ணுங்கள்

நமது துவக்கி 2,2′-அசோபிஸ்(2-மெத்தில்புரோப்பியோனமிடீன்) டைஹைட்ரோகுளோரைடு. பெயர் நீளம், ஆய்வுக்கூடத்தில் ஏஐபிஏ என்பார்கள், வியாபாரப் பெயர் வி-50. வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையும், இரண்டு முனையிலும் நேர் மின்னூட்டம். சூடாக்கினால் நடுவிலுள்ள நைட்ரஜன் பிரிந்து போய், சங்கிலியைத் தொடங்கும் இரண்டு ரேடிகல்கள் கிடைக்கும். இரண்டு துண்டிலும் மின்னூட்டம் இருப்பதால் இரண்டுமே தகட்டிலேயே ஒட்டியிருக்கும். ஒரு முனையில் மட்டும் மின்னூட்டமுள்ள துவக்கி என்றால் ஒரு பாதி கரைசலுக்குள் ஓடிப்போய் அங்கே வேண்டாத பாலிமரை வளர்க்கும். ஆனால் இரு முனைத் துவக்கிக்கு ஒரு குறையும் உண்டு. அது ஒரு முனையால் மேல் தகட்டையும் மறுமுனையால் கீழ்த் தகட்டையும் பிடித்துத் தையல் போட்டதுபோல் நின்றுவிடலாம். அட்வின்குலாவின் குழு இரண்டு வகையையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுகள் உண்டு; தகடுகள் முழுக்கப் பிரிய ஒற்றை முனை வகையே தேவலை. நமக்கு முதல் பாடத்துக்கு இரு முனை வகை போதும், ஏனென்றால் அதைத் தயாரிக்க வேண்டியதில்லை, வாங்கலாம்.

இப்போது கணக்கு. மண்ணின் அயனி மாற்றுத் திறன் 100 கிராமுக்கு 92 மில்லி ஈக்விவலன்ட் (மில்லிமோலில் எண்ணிய மின்னூட்டங்கள்) என்று வைத்துக்கொள்வோம். 5 கிராம் மண்ணில் 4.6. ஏஐபிஏவுக்கு இரண்டு மின்னூட்டம் என்பதால் தேவை 2.3 மில்லிமோல். மூலக்கூறு எடை 271.2. பெருக்கினால் 0.62 கிராம். இந்த ஒரு வரிக் கணக்கை நோட்டில் எழுதாமல் தராசைத் தொடாதீர்கள். அதிகம் போட்டால் நல்லது என்று அள்ளிப் போடும் பழக்கம் இந்த வேலையில் கெடுதல் செய்யும். எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன்.

5 கிராம் சோடியம் மண்ணை 500 மில்லி தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள், ஒரு ராத்திரி. சோடியம் மண்ணின் கலவை காரத்தன்மையோடு இருக்கும். காரத்தில் ஏஐபிஏவின் அமிடீன் முனை நீராற்பகுப்பு ஆகி மின்னூட்டத்தை இழந்துவிடும். அதனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு பிளாஸ்க்கை ஐஸில் இறக்குங்கள்.

ஐஸ் எதற்கு? ஏஐபிஏ 56 டிகிரியில் 10 மணி நேரத்தில் பாதி அழியும் பொருள். சென்னை அறை வெப்பத்தில் ஒரே நாளில் கெட்டுவிடாதுதான். ஆனால் மே மாத 38 டிகிரியில், கழுவல் மூன்று நாள் இழுத்தால், கணக்குப்படி கால்வாசிக்கு மேல் போய்விடும். போனது தெரியாமலேயே போய்விடும். எங்கள் கூடத்து ஐஸ் மெஷின் பழுதான சமயத்தில் நாங்கள் காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் உடைத்த ஐஸைத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்து ஓட்டினோம். பிளாஸ்க்குக்கு வெளியே நிற்கும் ஐஸ் எந்த ஐஸாக இருந்தாலும் சரி.

0.62 கிராம் ஏஐபிஏவை 50 மில்லி குளிர்ந்த நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் திரிவதுபோல் மண் திரிந்து கட்டி கட்டியாகும். நல்லது, மாற்றம் நடக்கிறது. நான்கு மணி நேரம் ஐஸிலேயே கலக்கவிடுங்கள்.

கழுவுவதில்தான் எல்லாம்

புதிதாக வருபவர்கள் பாலிமராக்கும் நாளை நினைத்துத்தான் பரபரப்பாக இருப்பார்கள். என் அனுபவத்தில் வெற்றியும் தோல்வியும் அதற்கு முந்தைய கழுவலிலேயே முடிவாகிவிடும்.

காரணம் இது. தகட்டைப் பிடிக்காமல் மிதக்கும் ஏஐபிஏ கொஞ்சம் மிச்சமிருந்தாலும், அது சூட்டில் கரைசலுக்குள் பாலிமரை வளர்க்கும். பிளாஸ்க் கெட்டியாகும். மெத்தனாலில் ஊற்றினால் வெள்ளையாக நிறையப் படியும். மண்ணும் அதோடு சேர்ந்து விழும். எடை போட்டால் அருமையான விளைச்சல். ஆனால் தகட்டிலிருந்து ஒரு சங்கிலிகூட வளர்ந்திருக்காது. தோல்வி வெற்றியின் முகத்தோடு வரும் கட்டம் இது ஒன்றுதான். இதனால்தான் அள்ளிப் போடாதீர்கள் என்றேன்.

ஆகவே சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள், மேல் நீரை வடியுங்கள், குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் மறுபடி முழுக்கக் கலக்குங்கள். கட்டியாக அடியில் இறுகியதைக் குலுக்கி அலசிவிட்டால் போதாது. உள்ளே சிக்கியது வெளியே வர ஒவ்வொரு முறையும் அரைமணி நேரமாவது கலக்க வேண்டும். ஒவ்வொரு வடிநீரிலும் 2 மில்லி எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெள்ளைக் கலங்கல் வந்தால் குளோரைடு இருக்கிறது, அதாவது உப்பும் மிச்சத் துவக்கியும் இருக்கின்றன. தெளிவாக நிற்கும்வரை கழுவுங்கள். எனக்குப் பொதுவாக ஐந்து அல்லது ஆறு முறை ஆகும்.

அடுத்து, உலர்த்தாதீர்கள். இதைச் சத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உலர்த்தினேன். மாதிரி என்றால் ஓவனில் வைப்பது என்ற பழக்கத்தில் 80 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். அந்தச் சூட்டில் ஏஐபிஏவின் பாதி அரைமணி நேர வாக்கில் அழிந்துவிடும். காலையில் அழகான வெள்ளைத் தூள் கிடைத்தது, உள்ளே உயிர் இல்லை. அடுத்த இரண்டு வாரம் மோனோமர் சரியில்லை, நைட்ரஜன் சரியில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். தோள் கொடுத்த சீனியர் அக்கா ஒருவர்தான், "மண்ணை எதில் காயவைத்தாய்?" என்று கேட்டார்.

உலர்த்தினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பிரிந்த தகடுகள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈரப் பசையாகவே வைத்துக்கொண்டு, கடைசி மூன்று கழுவலைத் தண்ணீருக்குப் பதில் குளிர்ந்த டிஎம்எஃபில் (டைமெத்தில் ஃபார்மமைடு) செய்யுங்கள். பாலிமராக்கும்போது நாம் பயன்படுத்தப்போகும் கரைப்பான் அது. டிஎம்எஃப் தோல் வழியே உடம்புக்குள் போகும், கல்லீரலுக்குக் கெடுதல். சாதாரண மெல்லிய கையுறையை அது சீக்கிரம் ஊடுருவும். பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள், ஃபியூம் ஹூட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

பசையில் ஒரு சின்ன அளவை மட்டும் தனியே எடுத்துத் தண்ணீரில் கழுவி, அறை வெப்பத்தில் வெற்றிடத்தில் உலர்த்தி, எடை பாருங்கள். பசையில் எத்தனை சதவீதம் மண் என்பது தெரியும். அதே தூளைத் தனிம ஆய்வுக்கும் கொடுங்கள். ஏஐபிஏவில் ஆறு நைட்ரஜன் உண்டு. எல்லா இடமும் நிரம்பியிருந்தால் நைட்ரஜன் சுமார் 3.6 சதவீதம் வர வேண்டும். டிஎம்எஃபிலும் நைட்ரஜன் இருக்கிறது, அதை மறந்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அதனால்தான் அந்தத் தண்ணீர்க் கழுவல். பசையை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்து அந்த வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

வளர்க்கும் நாள்

மோனோமர் மெத்தில் மெத்தாக்ரிலேட். பாட்டிலில் வரும்போது தானாகப் பாலிமராகிவிடாமல் இருக்கத் தடுப்பான் போட்டிருப்பார்கள். காரத்தன்மையுள்ள அலுமினா நிரப்பிய சிறு குழாய் வழியே விட்டால் தடுப்பான் தங்கிவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் சுத்தம் செய்யுங்கள். தடுப்பான் இல்லாத மோனோமரை மிச்சம் வைப்பது ஆபத்து.

1 கிராம் மண் வரும் அளவுக்குப் பசை, மொத்தம் 30 மில்லி டிஎம்எஃப், 10 மில்லி மோனோமர். 100 மில்லி குண்டு பிளாஸ்க். பசையை டிஎம்எஃபில் ஐஸோடு பத்து நிமிடம் ஒலி அலையால் குலுக்கும் சோனிகேட்டரில் வைத்துப் பிரித்துவிட்டு, மோனோமரைச் சேர்த்து இரண்டு மணி நேரம் ஐஸிலேயே கலக்குங்கள். மோனோமர் தகடுகளுக்கு இடையில் போக அவகாசம் வேண்டும். பிறகு அரைமணி நேரம் நைட்ரஜன் குமிழிவிட்டு, மேலே நைட்ரஜன் பலூன் மாட்டி, 60 டிகிரி எண்ணெய்க் குளியலில் இறக்குங்கள். 8 மணி நேரம்.

அளவைக் கூட்டிக் கரைப்பானைக் குறைக்க ஆசை வரும். வேண்டாம். இந்த மோனோமர் கெட்டியாகும்போது சங்கிலி முனைகள் ஒன்றையொன்று சந்தித்து முடிய முடியாமல் வேகம் தானாக ஏறும், சூடு கிளம்பும். கரைப்பான் தாராளமாக இருப்பதுதான் பாதுகாப்பு.

பக்கத்திலேயே இரண்டாவது பிளாஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் எல்லாம் அதே அளவு, மண் மட்டும் துவக்கி ஏற்றாத சோடியம் மண். அதில் பாலிமர் வந்தால் உங்கள் மோனோமரையோ கரைப்பானையோ சந்தேகியுங்கள். மூன்றாவதாக, கடைசி டிஎம்எஃப் கழுவல் நீரை எடுத்து அதில் மோனோமர் போட்டு அதே சூட்டில் வையுங்கள். அது கெட்டியானால் கழுவல் போதவில்லை. எந்தக் கருவியும் இல்லாமல் உண்மையைச் சொல்லும் சோதனை இது.

8 மணி நேரம் கழித்து ஐஸில் குளிரவைத்து, 400 மில்லி குளிர்ந்த மெத்தனாலில் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். படிவதை வடிகட்டி, மெத்தனாலில் அலசி, வெற்றிடத்தில் 60 டிகிரியில் காயவையுங்கள். துவக்கியின் வேலை முடிந்துவிட்டதால் இப்போது சூடு பரவாயில்லை.

கிடைத்ததில் தகட்டில் ஒட்டிய சங்கிலியும் இருக்கும், ஒட்டாததும் கொஞ்சம் இருக்கும். வளரும் முனை கரைப்பானுக்கோ மோனோமருக்கோ தன் ரேடிகலைக் கைமாற்றிவிடுவதால் அது முழுக்கத் தவிர்க்க முடியாதது. அசிட்டோனில் கரைத்து, வேகமாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல் கரைசலை எடுத்துவிடுங்கள். மூன்று முறை. கீழே தங்கும் மண்ணோடு இருப்பதே ஒட்டிய சங்கிலி. அதன் நீளம் தெரிய வேண்டுமானால் டெட்ராஹைட்ரோ ஃபியூரானில் லித்தியம் புரோமைடு சேர்த்துக் கொதிநிலையில் வைத்தால், லித்தியம் தகட்டில் உட்கார்ந்துகொண்டு சங்கிலிகளைக் கழற்றிவிடும். கழன்றதைச் சங்கிலி நீளம் அளக்கும் ஜிபிசிக்குக் கொடுக்கலாம். அயனிப் பிணைப்பில் கட்டியதன் வசதி இது.

மோனோமரில் 60 சதவீதம் மாறியது என்று வைத்தால் ஒட்டாததையும் சேர்த்து சுமார் 6.6 கிராம் கிடைக்கும், அதில் 15 சதவீதம் மண். 3 சதவீதக் கலவை வேண்டுமென்றால் இதில் ஒரு பங்கோடு நான்கு பங்கு சாதாரண பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட்டைக் கலக்க வேண்டும். முதல் முறை உருக்கிக் கலக்காதீர்கள். சங்கிலியைக் கட்டியிருக்கும் கரிம முனை அந்தச் சூட்டில் அறுந்துபோக வாய்ப்புண்டு. கரைப்பானில் கலந்து கண்ணாடித் தட்டில் படலமாக ஊற்றிப் பாருங்கள்.

கழிவு

வடிகட்டிய மெத்தனால், டிஎம்எஃப், மோனோமர் மிச்சம் எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். இந்தப் பக்கத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும்: பக்கிங்காம் கால்வாய், கடைசியில் எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்து, அங்கே மீனவர்களின் வலையும் படகும் கருப்பாக நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஆலோஜன் கலந்தது, கலக்காதது, உலோகம் உள்ளது என்று மூன்று கேன் வைத்து, பெயர் ஒட்டி, அங்கீகாரம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுக்கச் சொல்லித் துறையில் கேளுங்கள். கேட்க வேண்டியது மாணவரின் உரிமைதான்.

அடுத்த படி: நீளத்தைக் கட்டுப்படுத்துவது

மேலே சொன்ன முறையில் சங்கிலிகளின் நீளம் தாறுமாறாக இருக்கும். ஒரே சீரான நீளம் வேண்டுமென்றால் சங்கிலி வளர்வதை நிறுத்தி நிறுத்தித் தொடரும் ஏடிஆர்பி முறைக்குப் போகலாம். 1995-ல் மத்தியாஷெவ்ஸ்கியும் சவமோட்டோவும் தனித்தனியே வெளியிட்டது. இதற்குத் துவக்கியை நீங்களேதான் தயாரிக்க வேண்டும். ஒரு முனையில் நான்கிணைய அம்மோனியம், நடுவே நீண்ட கார்பன் சங்கிலி, மறுமுனையில் புரோமோ ஐசோபியூட்டிரேட். அம்மோனியம் தகட்டைப் பிடிக்கும், புரோமின் முனையில் தாமிர வினையூக்கி சங்கிலியைத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கும்.

இந்தத் துவக்கி சூட்டுக்கு அவ்வளவு பயப்படாது, கழுவலும் நிதானமாகச் செய்யலாம். ஆனால் ஆக்சிஜன் துளியும் ஆகாது. நைட்ரஜன் குமிழி போதாது. உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்குவதை மூன்று முறை செய்ய வேண்டும். அந்த வசதி இல்லாத கூடங்களுக்கு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்த்துத் தாமிரத்தைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கும் வகை நல்லது. தாமிரமும் குறைவாகவே வேண்டும்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. தகட்டில் கட்டாத சாதாரணத் துவக்கி, எத்தில் புரோமோ ஐசோபியூட்டிரேட், கொஞ்சம் வேண்டுமென்றே சேர்ப்பார்கள். போன முறை வேண்டாம் என்று விரட்டிய சுதந்திரப் பாலிமரை இங்கே நாமே அழைக்கிறோம். தகட்டில் உள்ள துவக்கி மட்டும் என்றால் வினையை அடக்கும் இரட்டை இணைதிறன் தாமிரம் போதிய அளவு சேராது. கரைசலில் வளரும் சங்கிலி அந்த அளவைச் சரிசெய்யும். அதோடு அதன் நீளம் தகட்டில் உள்ளதற்கு நெருக்கமாக இருப்பதால், கழற்றாமலேயே ஓரளவு ஊகிக்கவும் உதவும். முதல் முறையில் கழுவலை உண்மையாகச் செய்து பழகியவர்தான் இங்கே எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

தகடு பிரிந்ததா

விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலேயே கிண்டி. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான சிப்பெட் அங்கேயே இருக்கிறது. ஐஐடியின் கருவி மையம் அங்கிருந்து கொஞ்ச தூரம். வெளியாருக்கும் கட்டணத்துக்குச் சோதனை செய்வார்கள். முன்பே எழுதிக் கேட்டு, வரிசையில் இடம் பிடித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எக்ஸ் கதிரால் தகட்டிடை தூரத்தை அளக்கும் எக்ஸ்ஆர்டி, தாழ்ந்த கோணத்தில். எக்ஸ் கதிர்க் குழாய் தாமிரம் என்றால் சோடியம் மண்ணின் முகடு 7 டிகிரி வாக்கில் தெரியும். தகட்டிடை தூரம் 1.24 நானோமீட்டர் என்று பொருள். பாலிமர் உள்ளே வந்திருந்தால் முகடு இடப்பக்கம் நகரும்: 5 டிகிரியில் 1.77, 2.5 டிகிரியில் 3.5 நானோமீட்டர். நிறையக் கருவிகள் 2 டிகிரிக்குக் கீழே பார்க்காது. அதனால் கொடுக்கும்போதே 1.5-லிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதிரி கொடுங்கள்: சோடியம் மண், துவக்கி ஏற்றிய மண், முடிந்த பொருள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

சூடாக்கிக்கொண்டே எடை இழப்பைப் பார்க்கும் டிஜிஏவில் பாலிமர் 400 டிகிரியைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் எரிந்துவிடும். 800 டிகிரியில் மிஞ்சுவது மண். மண்ணே 600 டிகிரியைத் தாண்டித் தன் ஹைட்ராக்சிலை இழக்கும், அந்தச் சில சதவீதத்தைக் கழிக்க மறக்காதீர்கள். அகச்சிவப்பில் 1730-ல் எஸ்டரும் 1040 வாக்கில் சிலிக்கான்–ஆக்சிஜனும், அசிட்டோனில் கழுவிய பிறகும் சேர்ந்தே தெரிந்தால் சங்கிலி ஒட்டியிருக்கிறது.

எக்ஸ்ஆர்டியில் முகடே காணாமல் போனால் பலர் அங்கேயே "தகடுகள் முழுக்கப் பிரிந்தன" என்று எழுதிவிடுகிறார்கள். முகடு மறைய வேறு காரணங்களும் உண்டு: மண் மிகக் குறைவாக இருக்கலாம், அடுக்கு ஒழுங்கு கலைந்து கட்டாகவே இருக்கலாம், தூரம் கருவியின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். டிஇஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய சீவலை வைத்து, தகடுகள் தனித்தனிக் கோடுகளாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நல்ல இடத்தை மட்டும் படம் எடுத்துத் தரச் சொல்லாமல், குறைந்த பெரிதாக்கத்தில் அகலமாக நாலைந்து இடமும் கேட்டு வாங்குங்கள். அந்தப் படங்கள் கைக்கு வரும்வரை நோட்டில் "முகடு தெரியவில்லை" என்று மட்டும் எழுதி வையுங்கள்.